நடக்க மனசு மட்டும் போதாது, பாதையும் வேண்டும்!

சிங்கப்பூர் காலாங் ஆற்றங்கரை சொல்லித் தரும் நடைப் பாடம்

"தினமும் முப்பது நிமிஷம் நடங்க."

இத்தனை வருஷ வைத்தியத்தில் நான் அதிகமாக எழுதிக் கொடுத்த மருந்து இதுதான். சூரணம், குடிநீர், தைலம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஷுகர், பி.பி., மலச்சிக்கல், தூக்கமின்மை, முழங்கால் வலி என்று யார் வந்தாலும் சீட்டின் கடைசி வரி இதுவாகத்தான் இருக்கும். அடுத்த மாசம் அவர்கள் வந்து உட்காரும்போது "நடந்தீங்களா?" என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். "உடம்பு மேல அக்கறை இருந்தா நேரம் தானா கிடைக்கும். மனசு வைக்கணும்" என்று ஒரு திட்டு திட்டி அனுப்புவேன்.

அப்படித் திட்டு வாங்கியவர்களில் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஐம்பத்தெட்டு வயது. பத்து வருஷமாக ஷுகர். அவர் ஒருமுறை சொன்னார்: "டாக்டர், எங்க தெருவுல பிளாட்பாரமே கிடையாது. பைக்காரன் உரசிக்கிட்டுப் போறான். விடியறதுக்கு முன்னாடி போனா நாய் துரத்துது. விடிஞ்சப்புறம் போனா ஸ்கூல் வேன். மொட்டை மாடியில சுத்தினா தலை கிறுகிறுக்குது."

"சாக்கு சொல்லாதீங்க டீச்சர்" என்றேன்.

மூன்றாவது வாரம் வலது கையில் மாவுக்கட்டோடு வந்தார். பின்னால் வந்த வண்டிக்கு ஒதுங்கியபோது பள்ளத்தில் கால் வைத்து விழுந்திருக்கிறார். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. "நீங்க சொன்னீங்களேன்னுதான் நடந்தேன்" என்றார், அவ்வளவுதான். அந்த வார்த்தை எனக்குள்ளே முள்ளாகவே இருந்தது. நான் சொன்ன மருந்து சரி. ஆனால் அதை எங்கே வைத்துச் சாப்பிடுவது என்று நான் யோசிக்கவே இல்லை.

அந்த யோசனை எனக்கு வந்தது சிங்கப்பூரில், மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது.

ஆறு வந்த கதை

மகள் குடியிருப்பது பீஷான் வட்டாரத்தில், அடுக்குமாடி வீடு. போன மறுநாள் காலையில், "அப்பா, லிஃப்ட்ல கீழே இறங்கி ரெண்டு நிமிஷம் நடங்க. ஆறு வரும். அப்புறம் நீங்களே திரும்பி வரமாட்டீங்க" என்றாள்.

அதுதான் காலாங் ஆறு. நீளம் சுமார் 10 கிலோமீட்டர். நம் காவிரியோடு ஒப்பிட்டால் ஓடை மாதிரி. ஆனால் சிங்கப்பூரிலேயே நீளமான ஆறு அதுதான். லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் புறப்பட்டு, பீஷான், தோ பாயோ, பொத்தோங் பாசிர் என்று குடியிருப்புகளின் நடுவே ஓடி, காலாங் முகத்துவாரத்தில் போய்ச் சேருகிறது. கரையை ஒட்டியே நடக்கவும் சைக்கிள் விடவும் பாதை போட்டிருக்கிறார்கள். ஒரு பூங்காவை இன்னொரு பூங்காவோடு இணைப்பதால் இதற்குப் பூங்கா இணைப்புப் பாதை என்று பெயர். தீவு முழுவதும் இப்படிப்பட்ட பாதைகள் 300 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கின்றன.

வழியில் கோலம் ஆயர் என்று ஓரிடம். மலாய் மொழியில் கோலம் என்றால் குளம். நம் குளம்தான் கடல் தாண்டிப் போய்க் கோலம் ஆகியிருக்கிறது!

இந்தப் பாதையில் மிக அழகான பகுதி பீஷான் - அங் மோ கியோ பூங்கா. 62 ஹெக்டேர். 1988-ல் பூங்கா திறந்தபோது அங்கே ஓடியது ஆறு அல்ல, சிமெண்டு வாய்க்கால். அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி 2.7 கிலோமீட்டர். மழைத் தண்ணீரை வேகமாகக் கடலுக்குத் தள்ளுவது மட்டும்தான் அதற்கு வேலை. அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் பூங்கா, நடுவில் கிட்டே போக முடியாத வாய்க்கால்.

2006-ல் சிங்கப்பூரின் நீர்வாரியம் வாய்க்கால்களையும் நீர்த்தேக்கங்களையும் மக்கள் புழங்கும் இடங்களாக்க ஒரு திட்டம் தொடங்கியது. அதில் இந்த வாய்க்காலை உடைத்து, மண்கரையும் செடியும் கல்லுமாக, வளைந்து நெளிந்து ஓடும் 3 கிலோமீட்டர் ஆறாக மாற்றினார்கள். உடைத்த சிமெண்டுக் கற்களைக் கூட வீணாக்காமல் பூங்காவுக்குள்ளேயே ஒரு சிறு குன்றாக அடுக்கிவிட்டார்கள். 2012 மார்ச்சில் திறப்பு விழா. பிறகு நீர்நாய்கள் தாமாக வந்து குடும்பம் நடத்தத் தொடங்கின. நான் போன மூன்றாம் நாளே ஐந்தாறு நீர்நாய்கள் மீனோடு கரையேறியதைப் பார்த்தேன். என்னோடு நடந்தவர்களில் ஒருவர்கூட அன்று நேரத்துக்கு வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்!

சம்பந்தியம்மா சொன்ன பதில்

மாப்பிள்ளையின் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். அறுபத்து மூன்று வயது. ஷுகரும் உண்டு, முழங்கால் வலியும் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த காலத்தில் என்னிடமே வைத்தியம் பார்த்துக்கொண்டவர். நடக்கவே மாட்டார். இப்போது தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறார் என்று மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. கூடவே போய்ப் பார்த்தேன். உண்மைதான்.

"ஊர்ல இருந்தப்ப நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், சம்பந்தியம்மா?" என்றேன்.

"எங்கே நடக்கறது சம்பந்தி? வாசல் தாண்டினா பஸ் ரோடு. இங்கே யாரும் என்னை நடன்னு சொல்லல. கீழே இறங்கினேன், பாதை இருந்துச்சு. நடந்தேன்."

அதே ஆள். அதே முழங்கால். அதே ஷுகர். மாறியது பாதை மட்டும்தான். "மனசு வைக்கணும்" என்று நான் இத்தனை வருஷம் சொன்னது பாதி உண்மைதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

நல்ல பாதைக்கு நான்கு லட்சணம்

ஒரு மாதம் காலையும் மாலையும் அந்தக் கரையில் நடந்து கவனித்ததில், நான்கு விஷயங்கள் ஜனங்களை நடக்க வைக்கின்றன என்று தெரிந்துகொண்டேன்.

1. பக்கத்தில் இருப்பது: வீட்டிலிருந்து ஐந்து நிமிஷத்துக்குள் பாதை வந்துவிட வேண்டும். பஸ் ஏறிப் போய் நடப்பவர்கள் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள்.

2. அறுபடாமல் இருப்பது: நடையோ சைக்கிளோ ஒரே சீராகப் போக வேண்டும். காலாங் பாதையிலும் இந்தக் குறை இருந்தது. பெரிய சாலைகள் குறுக்கிட்ட இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, மேம்பாலப் படியில் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அதைச் சரிசெய்ய சைக்கிள் பாலமும் சுரங்கப் பாதையும் அமைக்கும் யோசனையை 2017-ல் அரசு மக்கள் முன் வைத்தது. பாதை அறுந்தால் பழக்கமும் அறுந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

3. நிழலும் சமதளமும்: கண் தரையில் இல்லாமல் எதிரே பார்த்து நடக்க முடிய வேண்டும். பள்ளத்துக்குப் பயந்து குனிந்தே நடந்தால் கழுத்தும் இடுப்பும் வலிக்கும்.

4. துணை: எதிரே தினமும் வரும் நாலு முகம். பேச வேண்டாம், ஒரு தலையசைப்பு போதும். நாம் வராவிட்டால் நாளைக்குக் கேட்பார்கள் என்ற எண்ணமே நம்மை எழுப்பி விடும்.

நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

நாம் சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் சேருகிறது. அதை எடுத்துச் செலவழிக்கும் பெரிய இடம் தசை. தசை சும்மா இருக்கும்போது இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான் சர்க்கரையை உள்ளே விடும். வேலை செய்கிற தசையோ இன்சுலினுக்குக் காத்திராமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். தொடையும் கெண்டைக்காலும் உடம்பின் பெரிய தசைகள். அதனால்தான் ஷுகர்காரருக்கு நடை இவ்வளவு பலன் தருகிறது. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக நடந்தால்கூட, சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை குறைகிறது.

கெண்டைக்கால் தசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வோர் அடியிலும் அது சுருங்கி, காலில் தேங்கும் ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளுகிறது. நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவர்களுக்குச் சாயங்காலம் பாதம் வீங்குவது இந்தப் பம்பு ஓடாததால் இருக்கலாம். ஆனால் எப்போதும் வீங்கியிருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எங்கள் சித்த மருத்துவம் இதை வேறு பாஷையில் சொல்லும். அசையாத உடம்பில் கபம் மிஞ்சும்; உடம்பு கனக்கும், சோம்பல் வரும், பசி மந்திக்கும். அளவோடு உழைத்தால் கபம் தணியும். அளவு மீறி உழைத்தால் வாதம் கிளம்பி மூட்டில் உட்காரும். ஆக, நடை மருந்து என்றால் அதற்கும் அளவு உண்டு.

எவ்வளவு, எந்த வேகத்தில்?

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தினம் 30 நிமிஷம் வீதம் ஐந்து நாள் நடந்தால் 150 ஆகிவிட்டது. முப்பதும் ஒரே தவணையில் வேண்டும் என்பதில்லை. மூன்று பத்தாகவும் பிரிக்கலாம்.

மிதமான வேகம் என்றால் என்ன? கைக்கடிகாரமும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பேசவே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். உல்லாசமாகப் பாட்டு வருகிறதா? இன்னும் கொஞ்சம் எட்டிப் போடுங்கள்.

சம்பந்தியம்மா ஆரம்பித்த விதம் நல்ல விதம். முதல் வாரம் ஒரு பாலம் வரைக்கும் போய்த் திரும்பினார். அடுத்த வாரம் அடுத்த பாலம். "நிமிஷம் எண்ணல. பாலம் எண்ணினேன்" என்றார். உங்கள் ஊரில் பாலம் இல்லாவிட்டால் வேப்பமரம், தண்ணீர்த்தொட்டி என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். போன தூரத்தைத் திரும்பியும் நடக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பாதி தெம்பு மிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

சைக்கிள் யாருக்கு?

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் உடல் கனத்தவர்களுக்கும் சைக்கிள் நல்லது. உடம்புப் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்வதால் முட்டியில் சுமை குறைகிறது; அதே சமயம் முட்டியைத் தாங்கிப் பிடிக்கும் தொடைத் தசை பலப்படுகிறது. ஆனால் இருக்கை உயரம் சரியாக இருக்க வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். வாடகை சைக்கிளில் ஏறி, முட்டி நெஞ்சைத் தொடுகிற மாதிரி மிதித்துவிட்டு, "சைக்கிள் ஒத்துக்கல" என்று சொல்லக் கூடாது.

நடப்பவரும் சைக்கிளும் ஒரே பாதையில் போகும்போது ஒழுங்கு முக்கியம். சிங்கப்பூரில் இந்தப் பொதுப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சாலையோர நடைபாதையில் 10தான். நடப்பவர்களும் வரிசையாக நான்கு பேர் கைகோத்துப் பாதையை அடைக்கக் கூடாது. அங்கே எல்லோரும் இடப்பக்கமாகவே போகிறார்கள். காது சற்று மந்தமானவர்கள் ஓரமாகவே நடப்பது உத்தமம். பாட்டுக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

ஜாக்கிரதை!

* நாற்பது வயது தாண்டி, இதுவரை நடந்தே பழக்கமில்லாதவர்கள், இதய நோய் உள்ளவர்கள், தொடங்குமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, தலைச்சுற்றல் வந்தால் அங்கேயே உட்காருங்கள், உதவி கேளுங்கள். "வாயுதான், சரியாப் போயிடும்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

* இன்சுலின் போடுபவர்களும் சில வகை ஷுகர் மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நடை போகக் கூடாது. சர்க்கரை அளவு 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். சட்டைப் பையில் நாலு சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே வாயில் போடுங்கள்.

* சிங்கப்பூர்ப் பூங்காக்கள் பலவற்றில் கூழாங்கல் பதித்த பாதை இருக்கிறது, வெறுங்காலோடு நடக்க. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஷுகரால் பாதம் மரத்தவர்கள் அதில் ஏறவே கூடாது. கல் குத்தியதே தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும். அவர்கள் எப்போதும் மூடிய ஷூவும் பருத்திக் காலுறையும் போட வேண்டும். வீடு திரும்பியதும் விரலிடுக்கு வரை பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

* புழுக்கம் உள்ள ஊரில் வியர்வை சீக்கிரம் காயாது. உடம்புச் சூடு இறங்காது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூரில் வருஷம் முழுக்கச் சுமார் 7 மணிக்குத்தான் விடியும். அதையொட்டியோ, மாலை 6-க்கு மேலோதான் அங்கே கூட்டம் அதிகம். நம் கடலோர ஊர்களுக்கும் இதே விதிதான்: வெயில் ஏறுமுன் அல்லது இறங்கிய பின்.

* ஆற்றங்கரை என்றால் ஆற்றுக்கு மரியாதை வேண்டும். பீஷான் பூங்காவில் கனமழை பெய்தால் தண்ணீர் கிடுகிடுவென்று ஏறிப் புல்வெளியை நிறைக்கும். அதற்காகவே வடிவமைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வைத்திருக்கிறார்கள். மேகம் கறுத்தால் ஓரத்தை விட்டு மேலே ஏறிவிட வேண்டியதுதான். நம் ஊர் ஆற்றுக்கு ஒலி அடிக்க ஆள் இல்லை. நாமேதான் கவனிக்க வேண்டும்.

நடந்து வந்த பிறகு

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அரைமணி நேரம் நடந்துவிட்டு, வாசலிலேயே இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காபியும்! நடந்தது வடைக்கே சரியாய்ப் போயிற்று.

தாகத்தையும் இளைப்பையும் அடக்கக் கூடாது என்பது சித்த மருத்துவ விதி. அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் இரண்டும் உண்டு. ஆகவே தாகம் எடுத்தால் நடுவிலேயே நின்று இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். மூச்சு வாங்கினால் நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் சீரகத் தண்ணீரோ, கொத்தமல்லி இலை கிள்ளிப் போட்ட நீர்மோரோ குடிக்கலாம். பி.பி. உள்ளவர்கள் மோரில் உப்பைக் குறைத்துக்கொள்ளவும். வியர்வை அடங்கிய பிறகு குளியுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடக்கத் தொடங்கி ஷுகர் இறங்கியது என்றால் சந்தோஷம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். கொடுத்த டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

மறுபடியும் டீச்சர்

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக டீச்சரை வரச் சொன்னேன். கட்டுப் பிரித்துக் கை தேறியிருந்தது. "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு டீச்சர். நீங்க சொன்னது சாக்கு இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சிரித்தார்.

இருவரும் உட்கார்ந்து பாதை தேடினோம். அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து மைதானம் வீட்டிலிருந்து நாலே நிமிஷம். சமதளம். ஓரமெல்லாம் புங்க மரம். காலை ஆறரைக்குக் கேட் திறந்து விட்டால் போதும். அவரே போய்த் தலைமையாசிரியரிடம் கேட்டார், அனுமதி கிடைத்தது. தனியாகப் போகாமல் தெருவில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டார். காலாங் ஆறு இல்லை, நீர்நாய் இல்லை. ஆனால் பக்கம், அறுபடாத சுற்று, நிழல், துணை ஆகிய நான்கும் இருந்தன. இப்போது அந்த மைதானத்தில் தினமும் பதினைந்து பேர் நடக்கிறார்களாம்.

இப்போதெல்லாம் என் சீட்டில் கடைசி வரி மாறிவிட்டது. "30 நிமிஷம் நடக்கவும்" என்று எழுதுவதற்கு முன் கேட்கிறேன்: "எங்கே நடப்பீங்க?" பதிலைக் கேட்டு இடத்தின் பெயரையும் சேர்த்து எழுதுகிறேன்: கோயில் வெளிப்பிராகாரம், ஏரிக்கரை, நகராட்சிப் பூங்கா என்று.

நீங்களும் இன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்யுங்கள். நடக்க வேண்டாம். வீட்டைச் சுற்றி ஐந்து நிமிஷ தூரத்துக்குள் நான்கு லட்சணமும் உள்ள இடம் எது என்று குடும்பத்தோடு தேடிப் பாருங்கள். இல்லை என்றால் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். ஒரு சிமெண்டு வாய்க்காலையே உடைத்து ஆறாக்கியிருக்கிறார்கள். நமக்கு ஒரு நடைபாதை கேட்பதில் தப்பே இல்லை.

பாதை கிடைத்துவிட்டதா? நாளைக் காலையில் செருப்பை அல்ல, ஷூவை மாட்டுங்கள்.